போர் விமான ஏசி: கடலோரக் காற்றில் நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

பெரும்பாலான போர் விமானங்களின் காக்பிட் ஏசியில் கேஸே கிடையாது. எஞ்சின் கம்ப்ரஸரிலிருந்து 200 டிகிரிக்கு மேல் கொதித்து வரும் ப்ளீட் காற்றுதான் சூட்டுக்கும் குளிருக்கும் முதல். அது ஹீட் எக்ஸ்சேஞ்சரில் ஆறி, சின்ன கம்ப்ரஸரில் அழுத்தப்பட்டு, மறுபடி ஆறி, டர்பைனைச் சுற்றிவிட்டு விரியும்போது உறைநிலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். சூடு வேண்டுமென்றால் ஆறாத காற்றைக் கொஞ்சம் கலந்தால் போதும். அதனால் ஹீட்டர் பக்கம் தொல்லை குறைவு.

தொல்லையெல்லாம் தண்ணீரால்தான். கடலூர், புதுச்சேரி மாதிரி ஊரில் காற்றின் பனிநிலை (ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 26 டிகிரி இருக்கும் நாளில் ஒரு கிலோ காற்றை 5 டிகிரிக்குக் குளிர்வித்தால் சுமார் 16 கிராம் தண்ணீர் பிரியும். நிமிடத்துக்கு 12 கிலோ காற்று ஓடினால் 190 கிராம்! இதைப் பிடிப்பது வாட்டர் செபரேட்டருக்குள் இருக்கும் துணிப் பை. பை அழுக்கேறினால் பைபாஸ் வால்வு திறந்துகொள்ளும். வென்ட்டிலிருந்து வெண்புகை மாதிரி மூடுபனி கொட்டும். புதிதாக வந்தவர்கள் தீ என்று பதறுவதுண்டு. வாசனை இல்லாமல், சூட்டைக் கூட்டியதும் மறைந்தால் அது மூடுபனிதான். வென்ட் காற்று குறைந்து, சரியாகி, மறுபடி குறைந்தால் செபரேட்டரில் பனிக்கட்டி பிடிக்கிறது. பையை மாற்றிப் பயனில்லை, சூடான காற்றைக் கலக்கும் ஆன்ட்டி-ஐஸ் வால்வையும் அதன் சென்சாரையும் பாருங்கள். டர்பைனுக்கு முன்பே, உயர் அழுத்தத்தில் தண்ணீரைப் பிரிக்கும் புதிய அமைப்பில் இந்தப் பையே இல்லை. கடலோரத்துக்கு அதுதான் சரி.

அழுக்குச் சாக்ஸ் நாற்றம் வந்தால் எண்ணெய். இரட்டை எஞ்சின் விமானத்தில் ப்ளீடை ஒவ்வொன்றாக மூடிப் பார்க்கலாம்: ஒரு பக்கம் மட்டும் நாறினால் அந்த எஞ்சினின் சீல், இரண்டிலும் நாறினால் ஏர் சைக்கிள் மெஷின் (மேலே சொன்ன சின்ன கம்ப்ரஸரும் டர்பைனும் சேர்ந்தது). எண்ணெய் ஊற்றும் பழைய வகையில் அளவுக்கு மேல் ஊற்றினாலும் இதே நாற்றம்தான்.

கடலூர் கடற்கரையான தேவனாம்பட்டினத்தில் வீட்டு ஏசியின் வெளி யூனிட்டை உப்புக் காற்று அரிக்கும் கதிதான் எக்ஸ்சேஞ்சரின் அலுமினிய ஃபின்களுக்கும் (மெல்லிய தகடுகள்). நல்ல தண்ணீரை, குறைந்த அழுத்தத்தில், காற்று போகும் திசைக்கு எதிராக அடிக்க வேண்டும். பிரஷர் வாஷர் ஃபின்னை மடக்கிவிடும்.

தரையில் நிற்கும்போது எக்ஸ்சேஞ்சரை ஆற்ற எதிர்க்காற்று இல்லை. கத்திரி வெயிலில் கிரவுண்ட் ஏசி வண்டியும் கேனபி (காக்பிட்டின் கண்ணாடி மூடி) மேல் மூடுதுணியும் இல்லாமல் பைலட்டை உட்கார வைக்காதீர்கள்.