சர்வர் கடிகாரம்: என்டிபிடியா, குரோனியா?

லினக்ஸ் சர்வரில் நேரம் பிடித்து வைக்க மூன்று வழி: பழைய என்டிபிடி, குரோனி, சிஸ்டம்டியோடு (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்) சேர்ந்தே வரும் டைம்சிங்க்டி. மூன்றும் நெட்வொர்க்கில் உள்ள நேர சர்வர்களைக் கேட்டு நம் கடிகாரத்தைச் சரிசெய்யும் நிரல்கள். என் பொறுப்பில் உள்ளவை எல்லாம் குரோனிக்கு மாறியாயிற்று. தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

மாறியது துல்லியத்துக்காக இல்லை. நெட்வொர்க்கில் அடையாளம் சரிபார்க்கும் கெர்பரோஸ் இயல்பாக 5 நிமிட விலகல் வரை பொறுக்கும். ஓடிபி செயலியில் குறியீடு மாறுவது 30 விநாடிக்கு ஒருமுறை. இதற்கு மூன்றில் எதுவும் போதும். கடிகாரம் கெட்டுப்போன பிறகு எது என்ன செய்கிறது, அதை நம்மிடம் எப்படிச் சொல்கிறது என்பதில்தான் சங்கதி.

டைம்சிங்க்டியை இரண்டு வரியில் முடித்துவிடலாம். அது எளிய எஸ்என்டிபி (என்டிபி என்ற நேர நெறிமுறையின் சுருங்கிய வடிவம்) கிளையன்ட். ஒரு நேரத்தில் ஒரே ஒரு சர்வரைத்தான் கேட்கும். அந்த சர்வர் தப்பு நேரம் சொன்னால் இதுவும் கூடவே போகும், ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை. மேசைக் கணினிக்கும் சின்ன சோதனை மெஷினுக்கும் தாராளமாகப் போதும். டேட்டாபேஸ் ஓடும் இடத்தில் வேண்டாம்.

மிச்சம் இரண்டு. நேரத்தைத் திருத்த இரண்டு முறை உண்டு: ஒரே தாவலில் சரியான நேரத்துக்குப் போவது, அல்லது கடிகாரத்தைச் சற்று வேகமாகவோ மெதுவாகவோ ஓடவிட்டு ஊர்ந்து போய்ச் சேர்வது. என்டிபிடியில் விலகல் 128 மில்லிவிநாடிக்குள் இருந்தால் ஊரும். அதைத் தாண்டிக் கொஞ்ச நேரம் நீடித்தால் தாவும். 1000 விநாடியைத் தாண்டினால் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு பின்னணியில் ஓடும் அந்த டீமனே நின்றுவிடும். ஜி விருப்பத்தோடு (-g) தொடங்கியிருந்தால் அந்த 1000 வரம்பை மீறலாம், ஆனால் ஒரே ஒரு முறைதான். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஒரு விர்ச்சுவல் மெஷினை 40 நிமிடம் நிறுத்திவைத்து மறுபடி எழுப்புகிறோம், அதை ஓட்டும் ஹைப்பர்வைசர் நேரத்தைத் திருத்திக் கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். விலகல் 2400 விநாடி. தொடக்கத்திலேயே ஜி சலுகை தீர்ந்துபோயிருந்தால் என்டிபிடி சத்தமில்லாமல் செத்துவிடும். ஒருவேளை தாவல் வேண்டாம் என்று எக்ஸ் விருப்பம் (-x) போட்டிருந்தால் வேறு வகை வேதனை. அதன் ஊரும் வேகம் அதிகபட்சம் 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு), அதாவது ஒரு விநாடியைத் திருத்த 2000 விநாடி. 60 விநாடி விலகலுக்கு 33 மணி 20 நிமிடம்!

லினக்ஸில் குரோனியின் இயல்பான ஊரும் உச்சவரம்பு 83,333 பிபிஎம். அதே 60 விநாடி சுமார் 12 நிமிடத்தில் சரியாகிவிடும், கடிகாரம் பின்னோக்கிக் குதிக்காமல். ஆனால் இங்கேயும் ஒரு பள்ளம் உண்டு. பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களில் குரோனியின் கான்ஃப் (அமைப்பு) கோப்பில் வரும் ‘மேக்ஸ்டெப் 1.0 3’ என்ற வரிக்கு, முதல் மூன்று அளவீடுகளில் மட்டும் ஒரு விநாடிக்கு மேலான விலகலைத் தாவிச் சரிசெய் என்று பொருள். நான்காவது அளவீட்டுக்குப் பிறகு 2400 விநாடி தவறினால் குரோனியும் ஊரத்தான் செய்யும்; கணக்குப்படி 8 மணி நேரம். அடிக்கடி நிறுத்தி எழுப்பும் மெஷின்களில் அந்த 3-ஐ -1 ஆக்கிவிடுவது நல்லது, எப்போது வேண்டுமானாலும் தாவும். உடனடியாக வேண்டுமானால் ‘குரோனிசி மேக்ஸ்டெப்’ என்று ஒரு கட்டளை போதும். பின்னோக்கித் தாவினால் டேட்டாபேஸ் தாங்குமா என்பதைப் பார்த்துக்கொண்டு போடுங்கள்.

இரண்டாவது வித்தியாசம் ஃபயர்வாலில். என்டிபிடி தன் கேள்விகளையும் யுடிபி 123-ஆம் போர்ட்டிலிருந்தே அனுப்பும். வழியில் யாராவது 123-இலிருந்து கிளம்பும் பாக்கெட்டுகளை அடைத்திருந்தால் பதிலே வராது. குழப்பம் என்னவென்றால், சோதித்துப் பார்க்க ‘என்டிபிடேட்’ கட்டளையை யு விருப்பத்தோடு ஓட்டினால் அது வேறு போர்ட்டிலிருந்து கிளம்பி ஒழுங்காக வேலை செய்யும். ‘நெட்வொர்க் சரியாகத்தானே இருக்கிறது’ என்று அரை நாள் போய்விடும். குரோனி இயல்பாகவே தற்காலிக போர்ட்டிலிருந்து கேட்பதால் இந்தச் சிக்கல் வராது. சந்தேகம் இருந்தால் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பில் 123-ஐப் பாருங்கள்: போவது தெரிந்து வருவது தெரியாவிட்டால் பெரும்பாலும் இடையில் ஃபயர்வால்தான்.

எதைப் போட்டாலும் முதலில் பார்க்க வேண்டியது சர்வர் பட்டியலில் ரீச் என்ற நெடுவரிசை. அது எட்டடிமான (ஆக்டல்) எண், கடைசி எட்டு முயற்சிகளின் பதிவு. 377 என்றால் எட்டும் வந்தன. 376 என்றால் கடைசியாகக் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. 0 என்றால் எதுவுமே வரவில்லை. 377 இருந்தும் ‘குரோனிசி சோர்சஸ்’ பட்டியலில் எந்தச் சர்வருக்கும் நட்சத்திரக் குறி விழவில்லை என்றால் குறையைச் சர்வர்களிடம் தேடுங்கள். எக்ஸ் குறி விழுந்தால் அந்தச் சர்வர் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை. லாகில் ‘நோ மெஜாரிட்டி’ என்று வந்தால் யார் சொல்வது சரி என்று பெரும்பான்மை கிடைக்கவில்லை.

இரண்டே சர்வர் எழுதி வைப்பவர்கள் இதில் மாட்டுவார்கள். இரண்டும் முரண்பட்டால் நடுவர் கிடையாது. நான்கு எழுதுங்கள். இந்தியாவில் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவு என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேரத்தை ஒட்டிக் கடிகாரங்களை வைக்கச் சொல்கிறது. ஆகவே அவற்றின் சர்வர்களிலிருந்து தொடங்கலாம். லீப் விநாடியை (உலக நேரத்தில் எப்போதாவது சேர்க்கப்படும் கூடுதல் விநாடி) பரப்பித் தரும் கூகுள் சர்வர்களையும் அப்படிச் செய்யாதவற்றையும் மட்டும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள்.

பூட் ஆனதும் நேரம் கிட்டத்தட்ட 19,800 விநாடி தள்ளி நிற்கிறதா? அது ஐந்தரை மணி நேரம். நெட்வொர்க்கைக் குறை சொல்ல வேண்டாம். மதர்போர்டு கடிகாரம் இந்திய நேரத்தில் இருக்கிறது, லினக்ஸின் மையமான கர்னல் அதை யுடிசி (உலகப் பொது நேரம்) என்று படிக்கிறது. ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 0’ கொடுத்துவிட்டு, குரோனியின் கான்ஃபில் ‘ஆர்டிசிசிங்க்’ வரி இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் கர்னல் 11 நிமிடத்துக்கு ஒருமுறை சரியான நேரத்தை மதர்போர்டுக்கு எழுதும். கன்டெய்னருக்குள் நேரம் தப்பாக இருந்தால் உள்ளே எதையும் நிறுவாதீர்கள். அங்கே தனிக் கடிகாரம் கிடையாது, ஹோஸ்டைப் பாருங்கள்.

என்டிபிடிக்கு இன்னும் இடம் உண்டு. பிராட்காஸ்ட், மல்டிகாஸ்ட் முறையில் நேரம் வாங்கும் பழைய நெட்வொர்க் என்றால் குரோனி அதை ஏற்காது. ஜிபிஎஸ் பெட்டிகளுக்கான டிரைவர்களும் என்டிபிடியில்தான் அதிகம். அப்படி ஒன்று ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் கலைக்கச் சொல்ல மாட்டேன். ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இலிருந்து என்டிபி தொகுப்பே கிடையாது. டெபியன் 12-இல் அந்த இடத்துக்கு அதன் கிளைவடிவமான என்டிபிசெக் வந்துவிட்டது. எனவே புது மெஷினில் இந்தக் கேள்வி பாதி தானாகவே தீர்ந்துவிடுகிறது.

மாற்றும்போது பழைய சேவையை நிறுத்துவதோடு விடாமல் டிசேபிளும் செய்யுங்கள். இரண்டு டீமன் ஒரே கடிகாரத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் ஆஃப்செட் (விலகல்) ஊஞ்சலாடும், காரணம் எந்த லாகிலும் நேராகத் தெரியாது. கடிகாரம் எந்த வேகத்தில் தவறுகிறது என்று பதிந்துவைக்கும் பழைய டிரிஃப்ட் கோப்பையும் நகலெடுக்க வேண்டாம்: என்டிபிடியின் கோப்பில் ஒரே எண், குரோனியின் கோப்பில் இரண்டு. புதிதாகக் கற்றுக்கொள்ள விட்டுவிட்டு, மறுநாள் ‘குரோனிசி டிராக்கிங்’ காட்டும் ஸ்கியூ எண் (அந்தக் கணிப்பின் பிழை வரம்பு) சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.