ஒரே தீக்குச்சியில் ஒரு குளிர்காலம்: கையால் கரி போடும் அடுப்பு, பல பருவங்களுக்குப் பிறகு

விறகு அடுப்பில் பழகிய கை, வீட்டைச் சூடாக்கும் நிலக்கரி அடுப்பில் முதல் வாரமே தோற்கும். நெருப்பு மங்கினால் கிண்டிவிடுவது விறகுக்குச் சரி. ஆந்த்ரசைட் எனும் கடினமான, புகையில்லாத நிலக்கரியை மேலிருந்து கிண்டினால் அணைந்துவிடும். அதற்கு வேண்டிய காற்று, கரியைத் தாங்கும் இரும்புச் சட்டமான கிராதிக்கு அடியிலிருந்து புறப்பட்டு, கரிப்படுகை முழுவதையும் ஊடுருவி மேலே வரவேண்டும். அந்த வழியைச் சாம்பல் அடைத்துக்கொள்ளாமல் பார்ப்பதுதான் குளிர்காலம் முழுக்க உள்ள வேலை. கரி தீர்ந்து அணையும் நெருப்பைவிட, சாம்பல் மூச்சை அடைத்து அணையும் நெருப்பே அதிகம்.

இங்கே சொல்வதெல்லாம் பிடியால் அசைத்துச் சாம்பலை உதிர்க்கும் உலுக்குக் கிராதி வைத்த அடுப்புக்கு. கிராதி இல்லாத வெறும் விறகு அடுப்பில் நிலக்கரியைக் கொட்டிப் பயனில்லை.

கரியின் அளவு 20 முதல் 40 மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்லது. அதைவிடச் சிறியது இறுக்கமாகப் படியும், இழுவை (புகைக்குழாய் காற்றை மேலே இழுக்கும் வலு) நன்றாக இருந்தால்தான் எரியும். மூட்டையின் அடியில் தங்கும் குருணையையும் தூளையும் மொத்தமாகத் தட்டிவிடுவது நெருப்பின்மேல் மூடி வைப்பதற்குச் சமம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து போட்டுத் தீர்க்கலாம்.

பற்றவைப்பதில் அவசரம் ஆகாது. காய்ந்த சுள்ளி, அதன்மேல் பிளந்த விறகு. அவை எரிந்து ஐந்தாறு சென்டிமீட்டர் கனத்துக்குத் தணலான பிறகே முதல் கரி, அதுவும் ஒற்றை அடுக்கு. கிராதிக்கு அடியில் காற்று நுழையும் வழியான கீழ்க்காற்றை முழுவதும் திறந்து வைத்தால் சற்று நேரத்தில் சடசடவென்று பொரியும், நீலச் சுடர் எழும். அப்போது இன்னொரு அடுக்கு. இப்படியே அடுப்பின் உட்சுவரில் பதித்த தீச்செங்கல்லின் மேல்விளிம்பு வரை ஏற்ற வேண்டும். சிக்கனம் என்று நினைத்துப் படுகையை மெலிசாக வைப்பவர்களுக்கு நெருப்பு நிற்பதே இல்லை. 15 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ஆந்த்ரசைட் தன் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளாது. வெப்பத்தைக் கட்டுப்படுத்துவது காற்றால்தான், கரியின் அளவைக் குறைத்து அல்ல.

அன்றாடப் பராமரிப்பு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, கால் மணி நேர வேலை. முதலில் கீழ்க்காற்றைத் திறந்து நெருப்பை உசுப்ப வேண்டும். நன்றாகச் சிவந்த பிறகு உலுக்கு பிடியைக் குறுகலாக, வேகமாக அசைக்கவும். நீளமாக இழுத்தால் எரியும் கரியும் சேர்ந்து விழும். சாம்பல் தட்டில் கங்குத் துணுக்குகள் விழத் தொடங்கி, தட்டின் மேல் எல்லா மூலையிலும் ஒரே சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் நிறுத்திவிடலாம். ஒரு மூலை மட்டும் இருண்டிருந்தால் அங்கே சாம்பல் கட்டியிருக்கிறது. வளைந்த கம்பியைக் கிராதியின் கீழிருந்து மேலே விட்டுக் குத்திவிட வேண்டும்.

பிறகு புதுக்கரி. கதவை ஒரு விரல் இடைவெளிக்குத் திறந்து சில விநாடி பொறுத்து, அப்புறம் முழுவதும் திறக்கவும். புதுக்கரியால் எல்லாவற்றையும் மூடிவிடாமல் ஒரு பக்கம் சிவந்த தணல் வெளியே தெரியும்படி விடுவது மிக முக்கியம். புதுக்கரியிலிருந்து வரும் வாயுவைப் பற்றவைக்கும் விளக்கு அதுதான். அதை மூடிவிட்டால் வாயு தேங்கி, திடீரென்று பற்றி, 'டப்' என்று கதவையே அதிரவைக்கும்.

நீறு பூத்த நெருப்பைக் காலையில் பார்த்ததும் உலுக்கத்தான் கை போகும். போகக்கூடாது. மங்கிய நெருப்பை உலுக்கினால் மிச்சத் தணலும் கீழே கொட்டிவிடும். கீழ்க்காற்றைத் திறந்து பத்து நிமிடம் விட்டு, மேலே ஒரு கைப்பிடி கரி தூவி, அது பற்றிய பிறகு இலேசாக உலுக்கினால் பெரும்பாலும் மீளும். மீளாவிட்டால் மேலே சில விறகுத் துண்டுகள்.

சிட்டம் கட்டுவது அடுத்த தொல்லை. சாம்பல் உருகி, கண்ணாடிபோல் இறுகிக் கிராதியில் சிக்கும்; பிடி அசையாது. சாம்பல் கதவைத் திறந்துபோட்டு அளவுக்கு மீறி எரியவிட்டதும், மேலிருந்து கிண்டிச் சாம்பலைச் சூட்டின் நடுவே கொண்டுபோனதும்தான் பெரும்பாலும் காரணம். அந்தக் கதவைத் திறந்துவிட்டு அறையை விட்டுப் போகவே கூடாது. சாம்பல் தட்டு நிரம்பிக் கிராதியைத் தொட்டாலும் கேடுதான்: கீழ்க்காற்றுதான் கிராதியைக் குளிர்விப்பது. அது நின்றால் வார்ப்பிரும்பு வளையும்.

நாளுக்கு 20 கிலோ எரித்தால் இரண்டு மூன்று கிலோ சாம்பல் சேரும். மூடியுள்ள உலோக வாளியில், வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். உள்ளே கங்கு நாள்கணக்கில் உயிரோடிருக்கும், கார்பன் மோனாக்சைடு என்ற மணமற்ற நச்சு வாயுவும் வரும்.

இந்த வாயுவைப் பற்றி ஒரு வார்த்தை: ஆந்த்ரசைட் புகையாது, நாறாது, ஆகவே மூக்கை நம்ப முடியாது. அடுப்பறையிலும் படுக்கையறைப் பக்கமும் எச்சரிக்கைக் கருவி இல்லாமல் முதல் தீக்குச்சியையே உரசக்கூடாது. புகைக்குழாயில் கையால் திருப்பும் டாம்பரை (குழாயை அடைக்கும் தகட்டை) முழுவதும் மூடுவதும் கூடாது. அதைவிடச் சிறந்தது எடை வைத்துச் சமன்செய்யும் பாரோமெட்ரிக் டாம்பர். இழுவையை 10 முதல் 15 பாஸ்கலுக்குள் (பாஸ்கல் அழுத்தத்தின் அலகு) வைத்தால், காற்று அடிக்கும் இரவிலும் நெருப்பு ஒரே சீராக நிற்கும். கூடுதல் செலவில் வாங்கிய பாகங்களில் உண்மையாகவே பயன்தருவது இதுதான். வேலைப்பாடு மிகுந்த கைப்பிடிகள் எல்லாம் பார்வைக்கு.

குளிர் தணியும் வாரங்களே இந்த அடுப்பின் பலவீனம். வெளியே 10 டிகிரியைத் தாண்டினால் இழுவை தளரும். அப்போது குறைவாக உலுக்கி, அடியில் கொஞ்சம் சாம்பலை வேண்டுமென்றே தங்கவிட்டு, மெதுவாக எரியவிடலாம். அதற்கும் மேல் வெப்பம் ஏறினால் வீம்பு பிடிக்காமல் அணைத்துவிடுவதே பாதுகாப்பு.

தேய்வது என்று பார்த்தால் கதவின் இடுக்கை அடைக்கும் கயிற்று கேஸ்கெட்தான் முதலில் போகும். அடுப்பு ஆறியிருக்கும்போது ஒரு காகிதத் துண்டை இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்தால் தெரியும். தடையில்லாமல் வந்தால் மாற்ற வேண்டும். தீச்செங்கல்லில் மயிரிழை விரிசல் ஒன்றும் செய்யாது. கிடைமட்டக் குழாயில் பறக்கும் சாம்பல் படிவதால் பருவத்தின் நடுவில் ஒருமுறை தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். குழாயைத் தின்பது எரியும் மாதங்கள் அல்ல, சும்மா இருக்கும் மாதங்கள்: சாம்பலில் உள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, மெல்லிய எஃகுக் குழாயை ஓட்டையாக்கிவிடும். ஆகவே கடைசி நெருப்பு ஆறிய வாரத்திலேயே குழாயைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, உட்புறம் இலேசாக எண்ணெய் தடவிக் காய்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.