ஓட்டுக்கு அடியில் அண்டர்லே போடுகிறீர்களா? ஓடு ஏறும் முன் ஒருமுறை ஏணியில் ஏறிப் பாருங்கள்

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள், கொப்பரை ஷெட்டோ மாட்டுக் கொட்டகையோ கூரை மாற்றப் போகிறவர்கள், அதிலும் மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்று அவசரத்தில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். நான் ஏமாந்த மாதிரி நீங்களும் ஏமாறக் கூடாது.

எங்கள் தோட்டத்தில் 20க்கு 30 அடியில் ஒரு ஷெட் இருக்கிறது. அப்பா காலத்தில் மங்களூர் ஓடு போட்டது. ஓடெல்லாம் இன்னும் தட்டினால் கணீர் என்றுதான் இருக்கிறது, மரச்சட்டத்தைத்தான் கறையான் தின்றுவிட்டது. சரி, ஜிஐ பைப்பில் சட்டம் அடித்துப் பழைய ஓட்டையே திரும்ப ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

ஓட்டுக்கு அடியில் அண்டர்லே, அதாவது தண்ணீர் இறங்காத விரிப்பு, போடச் சொன்னது நான்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனி ஆடியில் சாரல் மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வந்து ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் ஏறிவிடும். எவ்வளவு நல்ல ஓடாக இருந்தாலும் அந்தத் தண்ணீரை முழுக்க நிறுத்தாது. அப்படி உள்ளே வருவதைப் பிடித்துத் தாழ்வாரம் வரைக்கும் கொண்டுபோய் வெளியே விடுவதற்குத்தான் அண்டர்லே. ஷெட்டில் இருப்பதோ கொப்பரை, ஈரம் பட்டால் போச்சு.

கான்ட்ராக்டர் தெரிந்தவர் மூலமாக வந்தவர்தான். சரிவையும் சேர்த்துக் கூரை 750 சதுர அடி, அண்டர்லே மட்டும் கூலியோடு சதுர அடிக்கு 22 ரூபாய், ஆக 16,500 என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தார். கையில் ஒரு சாம்பிள் துண்டும் கொடுத்தார். துணி மாதிரி மெல்லிசாக, இழுத்தால் கிழியாமல், ஓரத்தில் எவ்வளவு மேலேறிப் படிய வேண்டும் என்று கோடு அச்சடித்து நன்றாகவே இருந்தது. பில் கேட்டதற்கு, "பில்லு போட்டா வரியும் சேர்ந்துருமுங்கண்ணா, உங்களுக்குத்தான் சிரமம்" என்றார். நானும் விட்டுவிட்டேன். அண்டர்லே போட்ட இரண்டு நாளும் நான் ஊரில் இல்லை, சொந்தத்தில் ஒரு கல்யாணம். திரும்பி வந்தபோது ஓடு ஏறியிருந்தது. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் வெள்ளையாக, சுருக்கமில்லாமல் தெரிந்தது. மனசார மீதிப் பணத்தைக் கொடுத்து அனுப்பினேன்.

ஆடி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. மேற்குப் பக்கச் சுவரோரம் அடுக்கியிருந்த மூட்டைகளில் ஏதோ வாடை வருகிறது என்று வீட்டில் சொன்னார்கள். பிரித்துப் பார்த்தால் 12 மூட்டையில் கொப்பரைப் பருப்பின் மேல் மஞ்சளும் பச்சையுமாகப் பூசணம். கொப்பரையில் ஈரம் 6 சதவீதத்தைத் தாண்டினாலே விற்பனைக் கூடத்தில் முகம் சுளிப்பார்கள், இதை எந்த வியாபாரியிடம் காட்டுவது? அந்தப் பூசணத்தில் விஷத்தன்மை உண்டாகும் என்பதால் மாட்டுக்கும் போட முடியாது. உடைத்து, களத்தில் காயவைத்து, திருப்பித் திருப்பிப் போட்டு எடுத்த பருப்பை அப்படியே குழியில் கொட்டி மூடினோம். அன்றைக்கு ராத்திரி அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

மழை விட்ட ஒரு நாள் வேறொரு மேஸ்திரியைக் கூப்பிட்டு மேற்குப் பக்கம் நாலு வரிசை ஓட்டைக் கழற்றினோம். அடியில் இருந்தது விளம்பர ஃப்ளெக்ஸ். பழைய பேனர். அச்சுப் பக்கம் மேலே, வெள்ளைப் பக்கம் கீழே. 'வருக வருக' என்ற எழுத்தில் பாதியும், ஒரு மாலையும், யாரோ ஒருவரின் தோளும் தெரிந்தன. கீழிருந்து பார்த்த எனக்கு அந்த வெள்ளைதான் அண்டர்லேயாகத் தெரிந்திருக்கிறது.

அதைப் போட்ட விதம் இன்னும் மோசம். அண்டர்லேயைத் தாழ்வாரத்தில் தொடங்கி முகட்டை நோக்கிப் போட்டுக்கொண்டு போக வேண்டும், மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் அரை அடியாவது படிய வேண்டும். இவர்கள் மேலிருந்து தொடங்கியிருக்கிறார்கள், அதனால் மேல் துண்டின் நுனி கீழ்த் துண்டுக்கு அடியில் போய்விட்டது. வழிந்து வந்த தண்ணீர் நேராக ஷெட்டுக்குள்தான் இறங்கும். அதுவும் இரண்டு விரல் அகலம்தான் ஏற்றியிருந்தார்கள். அப்புறம் ஓடு உட்காரும் குறுக்குச் சட்டமான ரீப்பரை ஃப்ளெக்ஸ் மேலேயே படுக்க வைத்து ஸ்க்ரூ அடித்திருக்கிறார்கள். சரிவோடு நீளவாக்கில் ஒரு பட்டை கொடுத்து அதன் மேல் ரீப்பர் அடித்தால்தான் அடியில் தண்ணீர் ஓட இடம் இருக்கும். இங்கே ஒவ்வொரு ரீப்பரும் ஒரு சின்னத் தடுப்பணை மாதிரி தண்ணீரைத் தேக்கி, ஸ்க்ரூ ஓட்டை வழியாக உள்ளே விட்டிருக்கிறது.

கான்ட்ராக்டருக்குப் போன் செய்து கேட்டேன். "அதுவும் வாட்டர்ப்ரூஃப்தானுங்கண்ணா, பேனர மழையிலதான கட்டறாங்க?" என்றார். தெருவில் நாலு நாள் தொங்கவிடுவதும் ஓட்டுக்கு அடியில் வருடக்கணக்கில் வெந்துகொண்டு கிடப்பதும் ஒன்றா? ஓட்டின் சூட்டில் இரண்டே மாதத்தில் மடிப்புகள் விறைத்து, விரலால் அழுத்தினால் வெடிக்கிற நிலைக்கு வந்துவிட்டது. அதோடு ஃப்ளெக்ஸ் மூச்சு விடாது. கொப்பரையிலிருந்து வரும் கொஞ்ச நஞ்ச ஆவியும் விடியற்காலையில் அதன் அடியில் முத்து முத்தாகக் கோத்து மூட்டை மேலேயே சொட்டும். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் போனை வைத்தவர்தான், அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. பில் இல்லாததால் என்னால் எங்கேயும் போய் நிற்க முடியவில்லை.

அதனால் பில் இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். ரோல் உறை பிரிக்காமல் உங்கள் கண் முன்னால் வந்து இறங்கட்டும், சாம்பிள் துண்டைக் கையில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். விரித்து முடித்ததும் ஓடு ஏற்ற விடாதீர்கள். முகட்டிலிருந்து நாலு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி, நீங்கள் உள்ளே நின்று பாருங்கள். அரை மணி நேர வேலை அது. அன்றைக்குக் கல்யாணமோ காதுகுத்தோ இருந்தால் வேலையை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.

புரட்டாசியில் மொத்த ஓட்டையும் இறக்கி, சரியான சரக்கை வாங்கிப் புதிதாகப் போட்டோம். ஐப்பசி மழைக்குச் சொட்டு இறங்கவில்லை. அந்த ஃப்ளெக்ஸில் ஒரு துண்டை வெட்டி வைத்திருக்கிறேன். பக்கத்து ஊரில் ஒரு மாட்டுக் கொட்டகைக்கு அதே ஆள் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார் என்று நேற்றுத்தான் கேள்விப்பட்டேன். அந்த வீட்டு அண்ணனுக்குப் போன் செய்து, ஓடு ஏற்றும் முன்னால் அந்தத் துண்டோடு நான் வந்து நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.