குரூப் எடுக்கும் முன் புரட்ட வேண்டிய நூல்: மேல்நிலை முதலாமாண்டுக் கணிதம்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான மறுநாளே, கணிதத்தில் 97 பெற்றிருந்த என் மகளை உயிரியல்-கணிதப் பிரிவில் சேர்ப்பதா, கணிதமே இல்லாத தூய அறிவியல் பிரிவில் சேர்ப்பதா, அல்லது அவள் சித்தப்பா வற்புறுத்தியபடி வணிகவியலோடு வணிகக் கணிதம் எடுக்கச் சொல்வதா என்று வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது. சேர்க்கைக்குச் சென்ற பள்ளியில், 97 எடுத்த பிள்ளைக்கு யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டு விண்ணப்பத்தை நீட்டினார்கள். நான் இரண்டு வாரம் அவகாசம் கேட்டுவிட்டு, தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்புக் கணிதப் பாடநூலின் முதல் தொகுதியை வாங்கி வந்தேன். 2018-19 கல்வியாண்டில் புதிய பாடத்திட்டத்தோடு வந்த நூல் அது. வகுப்பில் பாடம் நடத்த அது எவ்வளவு உதவும் என்பதை ஆசிரியர்கள் சொல்லட்டும். எந்தக் குரூப் என்று முடிவெடுக்க அது உதவுமா என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 97-ஐப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு வினாத்தாளில் வடிவியல் வரைதலுக்கு 8, வரைபடத்திற்கு 8 என 16 மதிப்பெண்கள், அளவுகோலும் கவராயமும் பழகிய எந்தப் பிள்ளைக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பதினொன்றாம் வகுப்பில் அந்த இரண்டு வகைக் கேள்விகளுமே கிடையாது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துப் பெற்ற மதிப்பெண்ணுக்கும், புதிய கருத்து ஒன்றைக் கண்டதும் அதோடு மல்லுக்கட்டத் தோன்றும் மனத்திற்கும் உள்ள வேறுபாட்டைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் காட்டாது. இந்த நூலின் முதல் இரண்டு அத்தியாயங்கள் காட்டுகின்றன.

கணங்கள், தொடர்புகள், சார்புகள் என்று தொடங்கும் முதல் அத்தியாயத்தின் பின்பகுதியில், தெரிந்த ஒரு சார்பின் வரைபடத்தை நகர்த்தியும் நீட்டியும் கவிழ்த்தும் வேறு வரைபடங்களைப் பெறும் பகுதி ஒன்று உண்டு. நூலிலேயே சிறந்த பகுதி அதுதான் என்பது என் கருத்து. x-இன் வர்க்கத்தின் பரவளையத்தை வைத்துக்கொண்டு, (x - 1)-இன் வர்க்கம் எங்கே போகும் என்று கேட்டால், கழித்தல் குறியைப் பார்த்ததும் இடப்பக்கம் என்றுதான் எவருக்கும் வாய் வரும்; வரைபடமோ ஓர் அலகு வலப்பக்கம் நகர்கிறது. என் மகள் அதைக் கண்டு எரிச்சலடைந்து, ஏன் வலப்பக்கம் என்று தாளில் எண்களைப் போட்டுப் பார்த்தாள். அவளோடு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுப் பையன், விதியை எழுதிக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டான். அவன் பத்தாம் வகுப்பில் அவளைவிட இரண்டு மதிப்பெண் அதிகம் பெற்றவன். இதை வைத்து யாரையும் எடைபோட்டுவிட முடியாதுதான். ஆனால் எந்த ஆலோசகரிடமும் கிடைக்காத தகவல் எனக்கு அந்த மாலையில் கிடைத்தது. இரண்டாம் அத்தியாயமான அடிப்படை இயற்கணிதத்தில் மட்டு மதிப்பு அசமன்பாடுகளும் மடக்கைகளும் இதே வேலையைச் செய்கின்றன.

மூன்றாம் அத்தியாயமான முக்கோணவியலில் நூல் தன் பொறுமையை இழந்துவிடுகிறது. செங்கோண முக்கோணத்திற்குள் அடங்கியிருந்த சைனும் கொசைனும் எந்தக் கோணத்திற்கும் உரிய சார்புகளாக விரிவது பெரிய தாவல். அதற்குரிய நிதானத்தைத் தராமல் முற்றொருமைகள் அணிவகுக்கின்றன. பயிற்சிகளின் விடைகள் நூலின் இறுதியில் இருந்தாலும் வழிமுறை இல்லாததால், தனியே படிக்கும் மாணவர் நோட்ஸ் கடையை நோக்கி ஓடும் இடம் இதுவே. தமிழ்வழி நூலில் மடக்கை, முற்றொருமை போன்ற கலைச்சொற்கள் அழகாக அமைந்திருக்கின்றன. ஆனால் அவற்றைத் தாங்கும் வாக்கியங்கள் சில இடங்களில் இரண்டாம் முறை படித்தால்தான் பிடிபடுகின்றன.

இரண்டாம் தொகுதியையும், பன்னிரண்டாம் வகுப்பின் இரு தொகுதிகளையும் பின்னர்ப் பார்த்தேன். குரூப் முடிவுக்கு அவை நேரடியாகத் தேவையில்லை என்றாலும், ஒரு செய்தியைத் தெரிந்துகொள்வது நல்லது. பன்னிரண்டாம் வகுப்பின் 12 அத்தியாயங்களில் நான்கு நுண்கணிதம். அந்த நான்கும் பதினொன்றாம் வகுப்பில் எல்லை, வகையிடல், தொகையிடல் ஆகியவற்றைக் கற்றாயிற்று என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. தொகையிடல் அத்தியாயத்தை வரையறுத்த தொகையில் தொடங்கும் அடுத்த ஆண்டு நூல், பகுதித் தொகையிடல் என்றால் என்ன என்று மீண்டும் முதலிலிருந்து சொல்லித்தராது. பதினொன்றை விரைந்து கடந்து பன்னிரண்டைத் தொடங்கும் பழக்கம் பல தனியார் பள்ளிகளில் முன்பே இருந்தது. 2025-26 முதல் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்ட நிலையில், சேர்க்கைக்கு முன் அந்தப் பள்ளி இவ்விஷயத்தில் என்ன செய்கிறது என்று கேட்டுவிடுவது பெற்றோரின் வேலை.

மதிப்பெண் கணக்கைப் பேசாமல் இதை முடிக்க முடியாது. பொறியியல் கலந்தாய்வின் 200 கட்-ஆஃபில் சரிபாதி கணிதத்திற்கு உரியது. பன்னிரண்டாம் வகுப்பின் 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் இரண்டு மதிப்பெண் பகுதியின் 30-ஆம் கேள்வியும் மூன்று மதிப்பெண் பகுதியின் 40-ஆம் கேள்வியும் கட்டாயக் கேள்விகள். புத்தகக் கணக்குகளை மட்டும் உருப்போட்டவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது அங்கேதான். நீட் தேர்வில் கணிதம் இல்லை. மருத்துவம் ஒன்றே குறியென்றால் தூய அறிவியல் பிரிவைத் தாழ்வாகப் பார்க்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குக் கணிதத்தை விட்டுவிடுவதன் விலை, பொறியியல் கலந்தாய்வு வரும்போதுதான் தெரியும்.

சித்தப்பாவின் கட்சிக்கும் நியாயம் செய்ய, வணிகக் கணிதம் மற்றும் புள்ளியியல் நூலையும் புரட்டினேன். கணிதம் வராதவர்களுக்கான எளிய பதிப்பு என்ற பேச்சு தவறு. பதினொன்றில் தேவை நெகிழ்ச்சியும் ஆண்டுத் தொகையும் ஒட்டுறவும் நேரியல் திட்டமிடலும், பன்னிரண்டில் எண்ணியல் முறைகளும் கூறெடுப்பும் போக்குவரத்துக் கணக்குகளும் இருக்கின்றன. இவற்றில் பெரும்பகுதி, அறிவியலோடு கணிதம் படிக்கும் முதல் குரூப் மாணவர் கண்ணிலேயே படாதவை. சி.ஏ. அடிப்படைத் தேர்வில் வணிகக் கணிதமும் புள்ளியியலும் இடம்பெறும் தாள் ஒன்று உண்டு என்பதால், அந்த வழியில் போகும் பிள்ளைக்கு இந்த நூலே பொருத்தம். பக்கத்து வீட்டுப் பையன் இதைத்தான் எடுத்தான், விருப்பத்தோடு.

நான்கு தொகுதிகளையும் ஒரேயடியாக வாங்க வேண்டாம். பாடநூல் கழகத்தின் நூல்கள் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனாலும் கணிதத்தைத் திரையில் படிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. பதினொன்றின் முதல் தொகுதியை மட்டும் அச்சில் வாங்கி, வணிகக் கணிதத்தை இணையத்தில் பார்த்துக்கொண்டால் போதும். பிள்ளையிடம் கொடுக்கும்போது பயிற்சிகளைப் போடச் சொல்லாமல், எடுத்துக்காட்டுகளைப் படித்து எங்கே சலிப்பு வருகிறது என்று பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். என் மகள் முக்கோணவியலில் மூன்று இடங்களில் குறித்திருந்தாள்; உயிரியல்-கணிதப் பிரிவின் விண்ணப்பத்தை அதன் பிறகே நிரப்பினோம்.