விடுமுறை நாளில் நாணயம் மாற்றப் போகிறவர்களுக்கு: கீழக்கரைக் கடை ஒன்றின் மதிப்புரை

இராமநாதபுரம் மாவட்டத்தின் கீழக்கரைக் கடைத்தெருவில் பல ஆண்டுகளாக இயங்கிவரும், ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற ஒரு நாணய மாற்றுக் கடையைப் பற்றியது இந்த மதிப்புரை. குறைகளையும் சொல்லப்போவதால் பெயரைத் தவிர்க்கிறேன். சாதாரண வேலைநாளில் திர்ஹமோ ரியாலோ மாற்றுவதில் ஒரு கடைக்கும் இன்னொரு கடைக்கும் அதிக வேறுபாடு இருப்பதில்லை. சந்தை விலை எல்லோருடைய கைப்பேசியிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெருநாள், தீபாவளி என்று சந்தை மூடிக்கிடக்கும் நாளிலோ கடைக்காரர் சொல்வதுதான் விலை. அதை எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. அதனால் விடுமுறை நாட்களில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்தே இந்தக் கடையை எடைபோடுகிறேன்.

முதலில் பாராட்டத்தக்கது அதன் விலைப்பலகை. நாணயங்களை வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி எழுதிவைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதை எல்லாக் கடைகளும் ஏதோ ஒரு வகையில் நிறைவேற்றுகின்றன. இந்தக் கடையில் கூடுதலாக, அந்த விலை எந்த நாளின் சந்தையை ஒட்டியது என்பதையும் தேதியிட்டு எழுதுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் வெள்ளிக்கிழமைத் தேதிதான் பலகையில் இருக்கும். சிறிய விஷயம்தான், ஆனால் பழைய விலையைப் புதிய விலைபோல் காட்டுகிற பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு என்பதால், பழையதைப் பழையது என்றே எழுதும் கடை மீது எனக்கு மதிப்பு வருகிறது.

நம் ஊர் விடுமுறையும் சந்தை விடுமுறையும் ஒன்றல்ல என்பதை இங்கே பலரும் கவனிப்பதில்லை. ரூபாய்க்கும் டாலருக்குமான வங்கிகளுக்கிடையேயான சந்தை மும்பையை மையமாகக் கொண்டது. வேலைநாட்களில் காலை 9 மணி முதல் மாலை 3.30 வரை நடப்பது. மகாராஷ்டிர விடுமுறைப் பட்டியலை ஒட்டியே மூடப்படுவது. பிப்ரவரி 19 சிவாஜி ஜெயந்தி அன்று இராமநாதபுரத்தில் வங்கிகள் திறந்திருக்கும், மும்பைச் சந்தை மூடியிருக்கும்; குரு நானக் ஜெயந்தியும் அப்படியே. பொங்கல் நாட்களில் பொதுவாக நிலைமை தலைகீழ்: இங்கே எல்லாம் அடைத்திருக்க, அங்கே விலை ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். தீபாவளிகூட ஒத்துப்போவதில்லை. 2025இல் நமக்குத் தீபாவளி அக்டோபர் 20. மும்பைச் சந்தை மூடியதோ 21, 22 ஆகிய நாட்களில். தீபாவளி முடிந்தது, விலை பழைய நிலைக்கு வந்திருக்கும் என்று நம்பி மறுநாள் நாணயத்தோடு போனவர்களுக்கு முந்தைய சந்தை நாளின் விலைதான் கிடைத்திருக்கும்.

இந்தக் கடைக்காரர் இரண்டு நாட்காட்டிகளையும் அறிந்தவர். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழாவுக்கு மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் உள்ளூர் விடுமுறை, வங்கி விடுமுறைகளுக்கு அடிப்படையான செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராதது. பள்ளிகளும் அரசு அலுவலகங்களும் மூடியிருந்தாலும் சந்தைக்கு அது வேலைநாள். அன்று இங்கே முழு வேலைநாள் விலையே கொடுத்தார்கள். "இன்னைக்கு லீவு நமக்குத்தான், டாலருக்கு இல்ல காக்கா" என்று எனக்கு முன்னால் நின்ற பெரியவரிடம் கல்லாவில் இருந்த இளைஞர் சொன்னார்; காக்கா என்றால் இந்த ஊரில் அண்ணன். கூட்டத்தைக் காரணம் காட்டி விலையைக் குறைத்திருந்தால் அன்று யாரும் கேட்டிருக்கப்போவதில்லை.

வெள்ளிக்கிழமையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஜும்ஆ தொழுகைக்காக நண்பகலுக்கு முன்பே கடையை அடைத்து, சாப்பாடு முடிந்து பிற்பகலில்தான் திறக்கிறார்கள். அதில் குறை காண ஒன்றுமில்லை. ஊர் முழுவதும் அப்படித்தான். ஆனால் அதற்குப் பின் மும்பைச் சந்தை மூடுவதற்குக் கொஞ்ச நேரமே மீதமிருக்கும். 3.30ஐத் தாண்டிப் போகிறவர் தம்மை அறியாமலே சனி, ஞாயிறு வாடிக்கையாளராகிவிடுகிறார், ஏனென்றால் கடைக்காரர் அவரிடம் வாங்கும் நோட்டுகளைத் திங்கட்கிழமை வரை பெரிய முகவரிடம் தள்ளிவிட முடியாது. நியூயார்க்கில் அன்றிரவும் டாலர் வணிகம் நடக்கும். திங்கள் காலை மும்பை எந்த விலையில் திறக்கும் என்பது அதையும் பொறுத்தது. அந்த இடர்ப்பாட்டுக்கான கூலியை அவர் விலையிலேயே கழித்துக்கொள்கிறார். வெள்ளிக்கிழமை மாற்றியே ஆக வேண்டியவர்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது.

வளைகுடா நாணயங்களைப் பொறுத்தவரை, அங்கே விடுமுறை என்பதால் விலை மாறும் என்ற எண்ணம் பெரும்பாலும் தவறு. ஐக்கிய அரபு அமீரகத்தின் திர்ஹம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்றும், சவூதி ரியால் 1986 முதல் டாலருக்கு 3.75 என்றும் நிலைநிறுத்தப்பட்டவை. ஆகவே துபாயில் ஒரு வாரம் பெருநாள் விடுமுறை விட்டாலும் திர்ஹத்தின் ரூபாய் மதிப்பை நகர்த்துவது டாலருக்கும் ரூபாய்க்குமான விலையே. குவைத் தினார் மட்டும் 2007 முதல் பல நாணயங்கள் கொண்ட ஒரு தொகுப்போடு இணைக்கப்பட்டிருப்பதால் சற்றே வேறுபடும். பெருநாளில் உண்மையான சிக்கல் நாள் பொருந்தாமையால் வருகிறது. 2023இல் ஹஜ் பெருநாள் வளைகுடாவில் ஜூன் 28, தமிழ்நாட்டில் 29. மகாராஷ்டிர அரசு முதலில் 28 என்று வைத்திருந்த விடுமுறையைக் கடைசி நேரத்தில் 29க்கு மாற்ற, மும்பைச் சந்தையின் விடுமுறையும் அதனோடு நகர்ந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் அச்சடித்த நாட்காட்டியை நம்பியவர்கள் அந்த வாரம் ஏமாந்திருப்பார்கள்.

ரிங்கிட் கொண்டுவருகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்தக் கரையிலிருந்து மலேசியாவுக்குப் போன குடும்பங்கள் ஏராளம், விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் கையில் ரிங்கிட் நோட்டுகள் இருக்கும். சிங்கப்பூர் டாலர் லண்டனிலும் நியூயார்க்கிலும் தாராளமாக வணிகமாவதால், சீனப் புத்தாண்டுக்குச் சிங்கப்பூர் மூடியிருந்தாலும் அதற்கு ஒரு விலை இருந்துகொண்டே இருக்கும். ரிங்கிட்டை நாட்டுக்கு வெளியே வணிகம் செய்வதை மலேசிய மத்திய வங்கி ஏற்பதில்லை. கோலாலம்பூர் மூடினால் ஏறக்குறைய அதன் விலையும் மூடிவிடும். அந்த நாட்களில் இந்தக் கடையில் ரிங்கிட்டுக்கு எதிரே கோடு போட்டு விட்டுவிடுகிறார்கள். அவசரக்காரருக்கு அது எரிச்சல் தரலாம். அடிமாட்டு விலைக்கு வாங்கிக்கொள்வதைவிட இந்த மறுப்பு மேலானது என்பது என் கருத்து.

இனிக் குறை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி வேலைநாளில் திர்ஹத்துக்கு அரை ரூபாய் அளவில் இருந்தால், மூன்று நாள் தொடர் விடுமுறையில் ஒரு ரூபாயைத் தொட்டுவிடுகிறது. இடைவெளி விரிவது இயல்புதான். பெரிய சந்தைகளிலேயே விடுமுறை நாளில் ஆள் குறைந்தால் விலை தாறுமாறாக ஓடும். 2019 ஜனவரி 3ஆம் தேதி, ஜப்பான் புத்தாண்டு விடுமுறையில் இருந்தபோது, யென் சில நிமிடங்களில் டாலருக்கு 108க்கு மேல் என்ற நிலையிலிருந்து 105க்கும் கீழே பாய்ந்தது உலகம் அறிந்தது. ஆனால் ரூபாய் அப்படி ஒரே நாளில் பாய்கிற நாணயம் அல்ல. மூன்று நாளில் ஏற்படக்கூடிய ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால், இடைவெளியை இரண்டு மடங்காக்குவது கூலியைத் தாண்டி இலாபமாகிவிடுகிறது. ஆயிரம் திர்ஹத்துக்கு ஐந்நூறு ரூபாய் வரை வேறுபடும்; சபர் (வெளிநாட்டு வேலை) முடித்துப் பெருநாளைக்கு ஊர் திரும்பியவருக்கு அது சில்லறை அல்ல. கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். தேதியைத்தான் எழுதிப்போட்டிருக்கிறோமே, பிடிக்காதவர்கள் திங்கட்கிழமை வரலாமே என்றார். அவர் சொன்னது சரியென்றாலும் முழுப் பதில் ஆகாது.

ரசீது முறையாகத் தருகிறார்கள். நாணய மாற்றுக்கான சரக்கு மற்றும் சேவை வரியைத் தனியே காட்டுகிறார்கள். ஒரு இலட்சம் ரூபாய் வரையிலான மாற்றத்தில் ஒரு விழுக்காட்டை, குறைந்தது 250 ரூபாயை, சேவையின் மதிப்பாகக் கொண்டு அதன்மேல் 18 விழுக்காடு என்பது கணக்கு. எனவே எவ்வளவு சிறிய தொகையானாலும் 45 ரூபாய் வரி உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது நட்டம். கடவுச்சீட்டைப் பார்க்காமல் எதையும் தொடுவதில்லை. ரொக்கமாகக் கொடுப்பதற்கு உள்ள உச்சவரம்பை, அதாவது இங்கே வசிப்பவருக்கு 1000 டாலர் மதிப்பு, வெளிநாடுவாழ் இந்தியருக்கு 3000 டாலர் மதிப்பு என்பதை, விடுமுறை நாளிலும் மீறுவதில்லை. மீதியை வங்கிக்கணக்கில் போட்டுவிடுகிறார்கள். 2019 டிசம்பர் முதல் நெஃப்ட் எல்லா நாளும் எல்லா நேரமும் இயங்குவதால் ஞாயிற்றுக்கிழமையும் பணம் வந்து சேருகிறது. பணம் உடனே வருகிறது என்பதால் விலையும் அன்றையது என்று நினைத்துவிடக் கூடாது. அது வெள்ளிக்கிழமை விலைதான்.

இராமேசுவரத்தில் தை, ஆடி அமாவாசை நாட்களில் விடுதி வாசலிலும் கடைகளிலும் நல்ல விலை தருவதாகச் சொல்லி நாணயம் கேட்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். சில வேளை அவர்கள் சொல்லும் விலை இந்தக் கடையின் விடுமுறை விலையைவிடக் கூடுதலாகவே இருக்கும். உரிமம் இல்லாதவரிடம் மாற்றுவது அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்துக்குப் புறம்பானது, ரசீதும் கிடைக்காது, கள்ளநோட்டு வந்தால் கேட்க நாதியும் இல்லை. அந்த ஒப்பீட்டில் கீழக்கரைக் கடையின் ஒரு ரூபாய் இடைவெளியையே நான் ஏற்பேன்.

வேலைநாளில், காலை பத்து மணிக்கு மேல் பிற்பகல் மூன்று மணிக்குள் போவதாக இருந்தால் தயங்காமல் இந்தக் கடைக்குப் போகலாம். தொடர் விடுமுறை என்றால் செலவுக்குத் தேவையான அளவை மட்டும் மாற்றிக்கொண்டு மீதியை வைத்திருங்கள். இங்கே வசிப்பவர் 2000 டாலர் மதிப்புவரை வெளிநாட்டு நோட்டுகளைக் கால வரம்பின்றிக் கையில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. முன்கூட்டித் தொலைபேசியில் கேட்டாலும் விலை சொல்கிறார்கள், அந்த விலை அன்று மாலை வரை செல்லும். நாணயக் காசுகளையும் கிழிந்த நோட்டுகளையும் எந்த நாளிலும் வாங்குவதில்லை.