நடுவில் யாரை இறக்குவது: நெட்டையனா, கட்டையனா?

டர்பனில் கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு ஆடும் நம் சாட்ஸ்வொர்த் பையன்கள் கேட்கிறார்கள்: "அண்ணா, சென்டரா யாரை இறக்கலாம்? பாயிண்ட் எடுக்கிற நெட்டையனையா, ஸ்கிரீன் போடுற கட்டையனையா?" சென்டர் என்றால் வளையத்துக்குப் பக்கத்தில் நின்று ஆடுபவன்; ஸ்கிரீன் என்றால் நம் ஆளுக்கு வழி கிடைக்க எதிராளியை மறித்து நிற்பது.

பாயிண்ட்: நெட்டையன்தான், சந்தேகமே வேண்டாம். வளையம் 3.05 மீட்டர் உயரம். அவன் கையை நீட்டினாலே பாதி வேலை முடிந்தது. கட்டையனுக்கு நாலு பாயிண்ட் கிடைத்தால் பெரிது.

ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது): இங்கே என் ஓட்டு கட்டையனுக்கு. ஷாட் கிளம்பியதும் நெட்டையன் அண்ணாந்து பார்க்கிறான். கட்டையன் முதுகாலேயே எதிராளியைத் தேடி, இடுப்பைத் தாழ்த்தி, வெளியே தள்ளி நிறுத்துகிறான். பந்தைப் பிடிப்பது வேறொருவன்; ஸ்கோர்ஷீட்டில் அவன் பெயர்தான் ஏறும். நம் தாக்குதலில் வளையத்தில் பட்டு வந்த பந்தை இப்படி மீட்டால் ஃபிபா (உலகக் கூடைப்பந்து அமைப்பு) விதிப்படி, ஷாட் போட மீதி நேரத்தைக் காட்டும் கடிகாரம் மறுபடி 14 நொடி. அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் 20.

ஸ்கிரீன்: நெட்டையன் ஒப்புக்கு நிற்பான். கட்டையன் நின்றால் சுவர்.

ஃபவுல்: இருவருக்கும் ஐந்துதான்; ஐந்தாவதில் வெளியே.

சரி, யாரை இறக்குவது? வெளியிலிருந்து போடத் தெரிந்த இரண்டு பேர் இருந்தால் கட்டையன். கூடை போட ஆளே இல்லையென்றால் நெட்டையன். ஆனால் அடுத்த ஆட்டத்தில் பந்தை விட்டுவிட்டு, ஐந்து நிமிடம் கட்டையனின் காலை மட்டும் பாருங்கள்.