கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்: கடலூர், புதுச்சேரி கடைக்காரர்களுக்கு எந்த அளவுக்கு உதவும்?

நோட்டீஸ் அடித்து, ஆட்டோவில் மைக் கட்டி, லோக்கல் கேபிளில் ஸ்க்ரோல் ஓடவிட்டு வியாபாரம் பிடித்த ஊர்கள்தான் கடலூரும் புதுச்சேரியும். இப்போது வெளியூர்க்காரர் ஒருவர் கடைப்படி ஏறுவதற்கு முன்பே அந்தக் கடையைப் போனில் பார்த்துவிடுகிறார். எத்தனை மணிக்குத் திறக்கும், வண்டி நிறுத்த இடம் உண்டா, போனவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று அவர் படிப்பது கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலில். 2014-ல் கூகுள் மை பிசினஸ் என்று தொடங்கிய சேவை இது. 2021 நவம்பரில் பெயர் மாறியது. தனிச் செயலி இப்போது கிடையாது. கூகுள் தேடலிலும் மேப்ஸிலும் இருந்தே எல்லாவற்றையும் மாற்றலாம். கட்டணம் ஒரு பைசா இல்லை.

புது முகங்களை நம்பிப் பிழைக்கிற தொழில் என்றால் இதைவிடப் பயனுள்ள இலவச விளம்பரம் வேறு இல்லை. உணவகம், தங்கும் விடுதி, வாடகை பைக், பஞ்சர் கடை, மொபைல் சர்வீஸ், பல் மருத்துவமனை, போட்டோ ஸ்டூடியோ எல்லாம் இந்த வகை. இவற்றுக்கு ஐந்தில் நாலரை மதிப்பெண் தரலாம். ஒரே தெருவின் நாற்பது வீடுகளை நம்பி நடக்கும் மளிகைக் கடைக்கு இரண்டரை போதும். அந்த வீடுகளின் நம்பர்களைச் சேர்த்து, இன்று என்ன காய் வந்திருக்கிறது என்று காலையில் வாட்ஸ்அப்பில் போடுவது அங்கே கூடுதல் பலன் தரும். துறைமுகத்தில் மீன் மொத்த வியாபாரம் செய்பவருக்கும், சிப்காட்டில் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்பவருக்கும் இதனால் பெரிதாக ஆகப்போவது ஒன்றுமில்லை.

பதிவு செய்யும்போது பலர் தடுக்கி விழுவது வீடியோ சரிபார்ப்பில். கடை உங்களுடையதுதானா என்று பார்க்கக் கூகுள் பெரும்பாலும் வீடியோ கேட்கிறது. வெட்டி ஒட்டாத ஒரே ஷாட்டாக, போனிலேயே எடுத்து அனுப்ப வேண்டும். அதில் மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்: கடை எங்கே இருக்கிறது, கடை உண்மையிலேயே நடக்கிறதா, அதை நடத்துபவர் நீங்கள்தானா. லாரன்ஸ் ரோட்டில் கடை என்றால் தெருமுனையிலிருந்தே தொடங்குங்கள். ரோட்டின் பெயர்ப்பலகை, பக்கத்துக் கடைகளின் போர்டு, பிறகு உங்கள் போர்டு என்று வரிசையாக வாருங்கள். உங்கள் சாவியால் ஷட்டரைத் திறந்து உள்ளே போய்ச் சரக்கு, தராசு, பில் மெஷின் ஆகியவற்றைக் காட்டுங்கள். கல்லாவுக்குப் பின்பக்கம், சமையல்கட்டு போல வாடிக்கையாளர் போகாத ஓர் இடத்தில் முடியுங்கள். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே ஓடினால் போதும். வங்கிக் கணக்கு விவரமோ அடுத்தவர் முகமோ விழ வேண்டாம். முடிவு வர ஐந்து வேலை நாள் வரை ஆகலாம். போர்டு மாட்டும் முன் எடுப்பது, இருட்டில் எடுத்து எழுத்தே தெரியாமல் போவது ஆகியவைதான் வழக்கமாக நிராகரிப்பில் முடிகின்றன. புதுக்கடை என்றால் போர்டு வரும்வரை காத்திருங்கள்.

பெயரைப் போர்டில் இருப்பது போலவே போட வேண்டும். அதோடு ‘பெஸ்ட் பிரியாணி இன் பாண்டிச்சேரி’ என்று வால் சேர்த்தால் தேடலில் முன்னே வரலாம் என்று சொல்லித்தருபவர்கள் உண்டு. அது விதிமீறல். போட்டிக்கடைக்காரர் ஒரு புகார் கொடுத்தால் ப்ரொஃபைலே முடங்கலாம்.

அடுத்தது வகை. முதன்மை வகை ஒன்று, கூடுதலாக ஒன்பது வரை எடுக்கலாம். நம் ஊரில் சாப்பாட்டுக் கடையை ஹோட்டல் என்கிறோம் அல்லவா? அந்தப் பழக்கத்தில் ‘ஹோட்டல்’ வகையைத் தொட்டுவிட்டால் கூகுள் அதைத் தங்கும் விடுதி என்று எடுத்துக்கொண்டு, செக்-இன் நேரமும் அறை வாடகையும் கேட்கத் தொடங்கும். மெஸ்ஸுக்கு ‘ரெஸ்டாரன்ட்’ எடுங்கள். அதிலும் சைவம், தென்னிந்திய உணவு, கடல் உணவு என்று குறுகிய வகை கிடைத்தால் அதையே முதன்மையாக வையுங்கள். தேடுபவர் கேட்டதற்கு எவ்வளவு பொருந்துகிறது, எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, எவ்வளவு பேர் அறிந்தது என்ற மூன்றையும் வைத்துத்தான் கூகுள் கடைகளை வரிசைப்படுத்துகிறது. தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது. பொருத்தம் உங்கள் கையில் இருக்கிறது.

முகவரியில் இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. புதுச்சேரியும் தமிழ்நாடும் இங்கே கம்பளத்து இழை மாதிரி பின்னிக் கிடக்கின்றன. பாகூர் புதுச்சேரி மாநிலம், ஆனால் பின்கோடு கடலூரைப் போல 607-ல் தொடங்குகிறது. கோட்டக்குப்பமும் ஆரோவில்லும் விழுப்புரம் மாவட்டம், பின்கோடோ புதுச்சேரியைப் போல 605. பின்கோடை வைத்து மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால் தப்பாகிவிடும். ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். 33 தமிழ்நாடு, 34 புதுச்சேரி. சான்றிதழில் இருப்பதும் ப்ரொஃபைலில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும், பிற்பாடு ப்ரொஃபைல் முடங்கி மேல்முறையீடு செய்ய நேர்ந்தால் அதுதான் காப்பாற்றும். மேப்பில் உள்ள சிவப்புக் குறியை வாசலின் மேல் நகர்த்தி வையுங்கள். கட்டடத்தின் நடுவிலோ பின்சந்திலோ நின்றால் வண்டியில் வருபவர் ஒருவழிப்பாதையில் சுற்றி வந்து, கடைசியில் வேறு கடைக்குப் போய்விடுவார்.

750 எழுத்து வரை அறிமுகம் எழுதலாம். ஊர்ப்பெயரை மக்கள் சொல்கிற எல்லா வடிவத்திலும் அதில் இயல்பாக வரும்படி எழுதுங்கள். திருப்பாதிரிப்புலியூர் என்பவரும் உண்டு, திருப்பாப்புலியூர் என்பவரும் உண்டு. முதுநகர் என்றால் புரியாதவருக்கு ஓ.டி. (ஓல்டு டவுன்) என்றால் புரியும். வழி கேட்டுப் போனில் கூப்பிடுபவரில் பாதிப்பேருக்கு இதுவே பதில் சொல்லிவிடும்.

இந்தச் சேவையில் மிக அதிகப் பலனும் மிக அதிகச் சேதமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன: கடை நேரம். புதுச்சேரியில் மதியம் ஒரு மணிக்கு மேல் மூடி நாலு மணிக்குத் திறக்கும் கடைகள் இன்னும் நிறைய. ஆனால் ப்ரொஃபைலில் ‘காலை 9 முதல் இரவு 9’ என்று போட்டு வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை மதியம் இரண்டு மணி வெயிலில் மிஷன் வீதியில் மூடிய கதவைப் பார்த்த பெங்களூர்க்காரர் அங்கேயே நின்று ஒரு ஸ்டார் போட்டுவிட்டுப் போகிறார். ஒரு நாளுக்கு இரண்டு நேரத் தொகுப்பு கொடுக்க வசதி இருக்கிறது. 9 முதல் 1 வரை, 4 முதல் 9 வரை என்று தனித்தனியாகப் போடுங்கள். சமையல் இரவு 10-க்கு நிற்கும் என்றால் 11 என்று போட வேண்டாம்.

விடுமுறை நாளுக்குத் தனி நேரம் போடும் வசதியைப் பலர் தொடுவதே இல்லை. ஜனவரியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வருடம் முழுவதற்கும் போட்டுவிடலாம். பொங்கல், ஆயுதபூஜை, தீபாவளி இரண்டு ஊருக்கும் பொது. புதுச்சேரிக்கு ஆகஸ்ட் 16-ம் நவம்பர் 1-ம் கூடுதல். மாசிமகத்தன்று தேவனாம்பட்டினத்துக்கும் வைத்திக்குப்பத்துக்கும் சாமிகள் கடலுக்கு வரும். அந்தப் பக்கம் கடை வைத்திருப்பவர் நேரத்தை நீட்டிப் போட்டால் கூட்டம் வந்து சேரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் கரை கடந்தபோது புதுச்சேரி மூழ்கியது, அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் வந்தது. அப்படிப்பட்ட நாட்களில் ஆறு நாள் வரையான அடைப்புக்குத் தனி நேரத்தில் ‘மூடியிருக்கும்’ என்று போடுங்கள். அதற்கு மேல் நீளும் என்றால் ‘தற்காலிகமாக மூடப்பட்டது’ என்று மாற்றுங்கள். திறந்த அன்றே அதை எடுத்துவிட மறக்காதீர்கள். பெயிண்ட் அடித்து, புதுச்சரக்கு அடுக்கி, கடை திறந்து ஒரு வாரம் ஆனாலும் மேப்பில் மூடியே கிடந்தால் யார் வருவார்?

நீங்கள் போட்ட நேரத்தை வேறு யாரும் மாற்றப் பரிந்துரைக்கலாம், அதைக் கூகுள் ஏற்றுக்கொள்ளவும் செய்யும். இது இந்தச் சேவையின் பெரிய குறை. வாரம் ஒருமுறை, திங்கள் காலை என்று நாள் குறித்து, உங்கள் கடையை நீங்களே தேடிப் பாருங்கள்.

படங்களில் செலவு செய்யத் தேவையில்லை. போனில் பகல் வெளிச்சத்தில் எடுத்தால் போதும். 720-க்கு 720 பிக்செல் இருந்தால் நல்லது, ஐந்து எம்.பி.-க்கு மேற்போகக் கூடாது. எதிர்ச்சாரியிலிருந்து எடுத்த முகப்புப் படம் கட்டாயம், வழி தேடி வருபவர் அதை வைத்துத்தான் கடையை அடையாளம் காண்கிறார். விலைப்பட்டியலைப் படமாகப் போட்டால் விலை மாறிய அன்றே படத்தையும் மாற்றுங்கள். பழைய விலையைக் காட்டி வாடிக்கையாளர் சண்டை போட்டால் நியாயம் அவர் பக்கம்தான்.

இனி ரிவ்யூ. கடைச்சுவரில் நாம் பார்த்துப் பழகிய வாசகம் ஒன்று உண்டு: ‘நிறை இருந்தால் பிறரிடம் சொல்லுங்கள், குறை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்.’ சுவரில் இருக்கலாம். ரிவ்யூ கேட்கும் க்யூஆர் அட்டையில் அச்சடிக்கக் கூடாது. நல்ல ரிவ்யூவை மட்டும் குறிவைத்துக் கேட்பதைக் கூகுள் அனுமதிப்பதில்லை. ஐந்து ஸ்டார் போட்டால் டீ இலவசம் என்பதும், ஊழியர்களையே எழுதச் சொல்வதும் விதிமீறல்தான். எல்லோரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள். அட்டையை வாசலில் ஒட்டிப் பயனில்லை. பில் கொடுக்கும் தட்டில், விடுதி என்றால் சாவி திருப்பித் தரும் மேசையில் வையுங்கள். பணம் கொடுத்துவிட்டுச் சில்லறைக்கு நிற்கும் அந்த அரை நிமிடம்தான் சரியான நேரம்.

‘சாம்பாரில் உப்பு ஜாஸ்தி’ என்ற ரிவ்யூவை எத்தனை முறை புகார் செய்தாலும் நீக்க மாட்டார்கள். வசைச்சொல், விளம்பரம், கடைக்குச் சம்பந்தமே இல்லாதது, போட்டியாளர் எழுதியது என்றால் மட்டும் புகார் செய்யுங்கள். மற்றவற்றுக்குப் பதில் எழுதுங்கள், மூன்று வரிக்கு மேல் வேண்டாம். உதாரணமாக: ‘வணக்கம். சனிக்கிழமை இரவு உங்களை நாற்பது நிமிடம் காக்க வைத்தது எங்கள் தவறு. வார இறுதியில் தோசைக்கல்லுக்கு இன்னொரு ஆள் போட்டிருக்கிறோம். அடுத்த முறை வரும்போது கல்லாவில் சொல்லுங்கள்.’ திட்டியவருக்காக எழுதுவதல்ல இது. நாளை படிக்கப்போகும் நூறு பேருக்காக எழுதுவது. அதனால் ஆள் போட்டிருந்தால் மட்டும் போட்டதாக எழுதுங்கள்.

சில வசதிகளைக் கூகுள் எடுத்துவிட்டது. இலவச வெப்சைட் 2024 மார்ச்சிலும், சாட் வசதி 2024 ஜூலை இறுதியிலும் நின்றன. சாட்டுக்குப் பதிலாக வாட்ஸ்அப் இணைப்பைச் சேர்த்துவிடலாம், நம் ஊருக்கு அதுவே வசதி. பதிவுகள் போடும் பகுதி இருக்கிறது. மாதம் ஒன்று போட்டால் போதும், அதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

பலனை அளக்கும் பகுதியில் எத்தனை பேர் அழைத்தார்கள், வழி கேட்டார்கள், எந்தச் சொல்லால் தேடினார்கள் என்பது தெரியும். அழைப்பு என்று காட்டுவது பொத்தானை அழுத்திய எண்ணிக்கையே தவிர, பேசி முடித்த எண்ணிக்கை அல்ல. அதனால் கல்லாவில் ஒரு நோட்டும் வையுங்கள். புது முகம் வந்தால் ‘எப்படித் தெரியும்?’ என்று கேட்டு ஒரு கோடு போடுங்கள். மாதம் 60 பேர் வழி கேட்டிருக்கிறார்கள், நோட்டில் 15 கோடு என்று வைத்துக்கொள்வோம். டிபன் கடையில் ஆளுக்கு 300 ரூபாய் பில், அதில் 75 ரூபாய் நிற்கும் என்றால் 1,125 ரூபாய். இந்த ப்ரொஃபைலைப் பார்த்துக்கொள்ள மாதம் 3,000 ரூபாய்க்கு ஆள் வைத்தால் கைநஷ்டம், வாரம் இருபது நிமிடம் தானே பார்த்தால் லாபம். அதே 15 பேர் 2,000 ரூபாய் அறை எடுக்கும் விடுதியில், அறைக்கு 800 நின்றால் 12,000 ரூபாய். அங்கே ஆள் வைப்பது பற்றி யோசிக்கலாம்.

‘கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் உங்கள் கடை மேப்பிலிருந்து போய்விடும்’ என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். கடையைப் பட்டியலில் சேர்க்கக் கூகுள் பணம் கேட்பதில்லை. ஓடிபி-யை யாருக்கும் சொல்லாதீர்கள்.

ப்ரொஃபைல் முடங்கினால் உடனே மேல்முறையீட்டைத் தொடங்கிவிட வேண்டாம். முதலில் பெயரையும் முகவரியையும் திருத்துங்கள். ஜி.எஸ்.டி. சான்றிதழ், டிரேடு லைசென்ஸ், உணவுக்கடை என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சான்று, கடை முகவரிக்கு வந்த மின்கட்டண பில் ஆகியவற்றைப் படமெடுத்துத் தயாராக வையுங்கள். விண்ணப்பம் அனுப்பியபின் ஆவணங்களைச் சேர்க்க ஒரு மணி நேரம்தான் அவகாசம். ஜி.எஸ்.டி. இல்லாத சிறு கடைக்கு மத்திய அரசின் சிறுதொழில் பதிவான உத்யம் கைகொடுக்கும், அதுவும் இலவசம்.

கடைசியாக, ப்ரொஃபைல் யாருடைய ஜிமெயிலில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். டிசைன் செய்து கொடுத்த பையனுடைய ஜிமெயிலிலோ, வேலையை விட்டுப் போன சூப்பர்வைசருடைய ஜிமெயிலிலோ இருந்தால் ‘முதன்மை உரிமையாளர்’ இடத்துக்கு உங்களை மாற்றிவிட்டு, அவர்களை ‘மேலாளர்’ ஆக்குங்கள் அல்லது நீக்குங்கள். அவர் கைக்கு எட்டவில்லை என்றால் மேப்ஸில் உரிமை கோரி விண்ணப்பிக்கலாம். மூன்று நாளில் அவர் பதில் சொல்லாவிட்டால் நீங்களே சரிபார்த்து எடுத்துக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கும். புது உரிமையாளராகச் சேர்ந்த முதல் ஏழு நாள் சில மாற்றங்களைச் செய்ய முடியாது. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.